ஒரு வாழ்த்துக்கு ஓர் அசைவு போதும்

வாசகர் கேள்வி:

கோவையில் மூன்று பேராக ஒரு சின்ன அனிமேஷன் ஸ்டூடியோ நடத்துகிறோம். நான் டிசைன், கல்லூரித் தோழர் அனிமேஷன், இன்னொரு தம்பி எடிட்டிங்கும் சவுண்டும். போன தீபாவளிக்கு பம்புசெட் கம்பெனி, ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, நூற்பாலை என்று பல இடங்களிலிருந்து வாழ்த்து வீடியோ கேட்டார்கள். எதையும் விட மனசில்லை. கடைசி வாரம் தூக்கமே இல்லை. முடித்த பிறகு எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டிப் பார்த்தால், லோகோவை மட்டும் மாற்றிய ஒரே வீடியோவாகத் தெரிகிறது: அகல் விளக்கு, ரங்கோலி, வாணவேடிக்கை, தங்க எழுத்து. தமிழ் எழுத்தை அசைத்தால் கொம்பு தனியாகப் பிரிந்து ஓடுகிறது. 'இதை ஏஐயில் நாங்களே செய்துகொள்வோமே' என்று ஒரு கிளையன்ட் சொல்லிவிட்டார். பணம் இன்னும் பாதி வரவில்லை. எங்கள் ஸ்டூடியோ பெயரில் ஒரு வாழ்த்து அனுப்பக்கூட நேரம் கிடைக்கவில்லை. இந்த வருஷம் எப்படிச் செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விடையில் பாதி நீங்கள் எழுதிய பட்டியலிலேயே இருக்கிறது. அகல் வரிசை, ரங்கோலி, இரவு வானத்தில் வாணவேடிக்கை. இவை வட இந்தியாவில் அமாவாசை இரவில் லட்சுமி பூஜையோடு கொண்டாடும் தீபாவளியின் படங்கள். படங்கள் விற்கும் ஸ்டாக் தளங்களில் தேடினால் முதலில் வருவது அவைதான். டெம்ப்ளேட் விற்பவர்களும் அந்தச் சந்தையை நினைத்துத்தான் செய்கிறார்கள். நம் வீடுகளில் தீபாவளி, நரக சதுர்த்தசி அன்று விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். நாலு மணிக்கு எழுப்பி, மணையில் உட்காரவைத்து, உச்சியில் நல்லெண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து வெந்நீர்க் குளியல். பிறகு ஓரத்தில் மஞ்சள் தடவிய புதுத்துணி. ஒரு உருண்டை லேகியம். விடியத் தொடங்கும் தெருவில் முதல் வெடி. அகலை வரிசையாக ஏற்றி வைப்பது நமக்குக் கார்த்திகைக்கு.

அதனால் முதலில் நிறத்தை மாற்றுங்கள். நள்ளிரவு நீலமும் தங்கமும் போகட்டும். விடியலுக்கு முந்தைய சாம்பல் நீலம், சமையலறை ஜன்னலில் பல்பின் மஞ்சள், வெந்நீர் அண்டாவின் ஆவி, கிழக்கில் மெல்லிய சிவப்பு. நிறம் மாறினாலே உங்கள் வீடியோ மற்றவற்றிலிருந்து தனியாகத் தெரியும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கோவையில் குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள் நடத்தும் நிறுவனங்கள் உண்டு. அவர்கள் வீட்டில் அகல் வரிசைதான் தீபாவளி. அவர்களுக்கு அதையே மனதாரச் செய்து கொடுங்கள்.

இப்போது அசைவுக்கு வருகிறேன். நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுதான். பத்து வினாடி வாழ்த்தில் கதை சொல்ல இடமில்லை. ஒரே ஒரு செயலைக் காட்ட இடம் இருக்கிறது. பெரும்பாலான ஸ்டூடியோக்கள் அந்தப் பத்து வினாடிக்குள் பத்துப் பொருளை அசைக்கின்றன. விளக்கு ஆடும், பூ உதிரும், எழுத்து சுழலும், பின்னால் வெடி வெடிக்கும். எல்லாமே அசைவதால் கண் எதிலும் நிற்பதில்லை. அதற்குப் பதிலாக, அந்தப் பண்டிகையில் மனிதர்கள் உண்மையிலேயே செய்யும் ஒரு செயலைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் கையால் வரைந்து அசையுங்கள். மற்றதெல்லாம் அழகாக வரைந்த அசையாத ஓவியமாக இருக்கட்டும்.

அம்மா பிள்ளையின் உச்சந்தலையில் எண்ணெய் வைக்கும் செயலையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு கீ போஸ், அதாவது செயலின் நாலு முக்கிய நிலைகள், போதும். தூக்கக் கலக்கத்தில் தலை தொங்கிய பிள்ளை. உள்ளங்கை உச்சியில் பட்டதும் தோள் இரண்டும் காது வரை ஏறிக் குறுகுவது. அம்மாவின் கை இரண்டு முறை தட்டித் தேய்ப்பது. காதோரம் வழியும் எண்ணெயைப் பிள்ளை புறங்கையால் துடைத்துக்கொண்டு ஒரு கண்ணை மட்டும் திறப்பது. இது மூன்று வினாடிச் செயல். வினாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 72 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேம் நிறுத்தி வரைந்தால் 36 படங்கள். உங்கள் தோழர் ஒருவரே ரஃப் முதல் கிளீன்அப் வரை பார்த்துக்கொள்ளக்கூடிய வேலை. பத்து வினாடியும் முழுக்க வரைந்தால் இதே கணக்கில் 120 படங்கள் ஆகும். மூன்று பேர் உள்ள இடத்தில், பல கிளையன்ட்களுக்கு நடுவே, அது நடக்காது. நடக்காது என்று தெரியும்போதுதான் எல்லோரும் டெம்ப்ளேட்டுக்குப் போகிறார்கள்.

செயலைக் கிளையன்ட்டின் தொழிலிலிருந்தே எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. உங்கள் கிளையன்ட் நால்வரையும் வைத்தே யோசித்துப் பார்த்தேன்.

நூற்பாலையில் வேலை செய்பவர்களில் நிறையப் பேர் தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குத் தீபாவளி தொடங்கும் இடம் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு. பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டுப் பிடிக்கும் அந்தக் கை! அந்த ஒரு கையையும் துண்டையும் மட்டும் அசையுங்கள். துண்டு ஜன்னல் கம்பியில் ஒரு கணம் சிக்கி, பிறகு சீட்டில் விழட்டும். அது விழுந்த இடத்திலேயே வாழ்த்து வரி வரட்டும். மில்லில் இருக்கும் ஒவ்வொருவரும் அதை ஊருக்கு அனுப்புவார்கள்.

ஜவுளிக்கடைக்குக் கட்டைப்பை இருக்கிறது. லோகோவை மூலையில் ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை; நம் ஊரில் துணி எடுத்துவிட்டு வரும் எல்லோர் கையிலும் கடையின் பெயர் இயல்பாகவே தொங்குகிறது. பையிலிருந்து புதுச்சட்டையை எடுத்து, மடிப்பைப் பிரித்து, முகர்ந்து பார்க்கும் ஒரு தாத்தா போதும்.

ஆஸ்பத்திரிக்கு வெடி வேண்டாம். தீக்காயப் பிரிவில் அன்று என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். இரவு டியூட்டி முடித்து விடியலில் வெளியே வரும் நர்ஸிடம், வாட்ச்மேன் டிஃபன் டப்பா மூடியைத் திறந்து நீட்டுகிறார். நர்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பலகாரத்தை எடுக்கிறார். அவ்வளவுதான். எனக்கு இந்த நான்கில் மிகப் பிடித்தது இதுதான்.

பம்புசெட் கம்பெனியைத் தீபாவளியை விடப் பொங்கலுக்குத் திருப்பப் பாருங்கள். மோட்டார் போட்டதும் தண்ணீர் உடனே கொட்டாது. குழாய் ஒரு முறை உதறும், காற்று சீறும், விட்டுவிட்டுக் கொஞ்சம் கலங்கல் துப்பும், அதன் பிறகுதான் முழுவாயும் நிறைந்து தொட்டியில் விழும். அந்தத் தயக்கத்தின் டைமிங்கை ஒரு அனிமேட்டர் சரியாகப் பிடித்துவிட்டால், விவசாயம் தெரிந்த ஒருவர் அதைப் பார்த்து முகம் மலர்வதை நீங்கள் நேரில் காணலாம். தண்ணீர் வாய்க்காலில் ஓடிக் கரும்பின் வேரைத் தொடுவதோடு முடித்துவிடுங்கள்.

எம்.டி. படம் போட வேண்டும் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். மறுக்காதீர்கள். கடைசி இரண்டு வினாடியை அதற்கென்று ஒதுக்கி, அந்த இரண்டு வினாடி இல்லாத இன்னொரு வெர்ஷனையும் கொடுங்கள். ஊழியர்கள் தங்கள் வீட்டுக்கு அனுப்ப எதை எடுக்கிறார்கள் என்று கிளையன்ட்டே பார்த்துக்கொள்வார்.

பண்டிகையின் சில அசைவுகள் எளிதாகத் தோன்றும், செய்தால் தப்பிப்போகும். அவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பொங்கல் பானையில் பால் பொங்குவதைப் பலர் ஒரே வேகத்தில் ஏற்றுகிறார்கள். அது லிஃப்ட் மேலே வருகிற மாதிரி இருக்கிறது. உண்மையில் பால் பொங்கும்போது முதலில் விளிம்பைச் சுற்றிச் சின்னக் குமிழ்கள் கூடும். பிறகு நடுவில் ஆடை சுருங்கி மேடாக எழும்பும். வெகுநேரம் எதுவும் நடக்காது. கழுத்தைத் தொட்டதும் ஒரே மூச்சில் ஏறி ஒரு பக்கமாக வழியும். நாலு வினாடி இருந்தால் மூன்றரை வினாடியைக் காத்திருப்புக்குக் கொடுங்கள், வழிவதற்கு அரை வினாடி போதும். 'பொங்கலோ பொங்கல்' என்று கத்துவதற்கு வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அந்த மூன்றரை வினாடியில்தான். எந்தப் பக்கம் வழிகிறது என்று பெரியவர்கள் பார்ப்பார்கள் என்பதால், நுரை எல்லாப் பக்கமும் சமமாக வழிவதாக வரையாதீர்கள். பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்தை இலையோடு கட்டுங்கள். வெட்டிய மஞ்சள் துண்டைக் கட்டிய படங்களை நான் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கோலத்துக்கு எல்லோரும் டிரிம் பாத் (கோட்டைத் தானாக வளரவிடும் கருவி) போட்டு, கோட்டை ஒரே சீராக ஓடவிடுகிறார்கள். மாவை விரலிடுக்கில் விட்டு இழுக்கும் கை அப்படி ஓடாது. நேர்க்கோட்டில் வேகம், புள்ளியைச் சுற்றும் வளைவில் நிதானம், மாவு தீர்ந்தால் ஒரு நிறுத்தம், கை மறுபடி கிண்ணத்துக்குப் போய்வரும் இடைவெளி. கோட்டின் தடிமனும் மாறிக்கொண்டே இருக்கும். தொடங்கும் இடத்தில் மாவு கொஞ்சம் கூடுதலாக விழும். இந்த நிறுத்தங்களைக் கீஃப்ரேமில் வையுங்கள். கம்பிக் கோலத்தை, அதுதான் சிக்குக் கோலத்தை, எடுத்துக்கொண்டால் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஒரே இழையில் வருகிற கோலம் புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வந்து மூடிக்கொள்ளும். லூப் தானாகவே கிடைத்துவிடும். ஆனால் எல்லாக் கோலமும் ஒரே இழையில் வராது. வரையும் முன் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கோலம் போடுகிறவர் ஒருவரைத் தாளில் போடச் சொல்லி, போனில் மேலிருந்து வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். நேர்ப்புள்ளியா இடைப்புள்ளியா என்று அவரே திருத்துவார். அவர் பெயரை கிரெடிட்டில் போடுங்கள், பணமும் கொடுங்கள்.

கம்பி மத்தாப்பில் பொறிகள் நேர்க்கோட்டில் தெறித்து, நுனியில் கிளைவிட்டு அணைகின்றன. ஒவ்வொரு பொறிக்கும் ஆயுள் இரண்டு மூன்று ஃப்ரேம்தான். ஆகவே பொறியை மட்டும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் மாற்றி வரையுங்கள். கையும் கம்பியும் இரண்டு ஃப்ரேமுக்கு ஒன்றாக இருக்கட்டும். பிள்ளையின் போஸைப் பாருங்கள்: கை முழுக்க நீட்டியிருக்கும், முகம் லேசாகத் திரும்பியிருக்கும், கண் மட்டும் பொறியிலேயே இருக்கும். பக்கத்தில் ஒரு பெரியவரின் காலோ வேட்டி நுனியோ தெரியட்டும். பிள்ளை தனியாக வெடி கொளுத்தும் காட்சியை எந்த நிறுவனத்தின் பெயரிலும் வெளியிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தமிழ்நாட்டில் வெடிக்க அரசு காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் வைத்திருக்கிறது. விடியற்காலைக் காட்சியில் வெடி வந்தால் வானத்தில் அந்த அளவு வெளுப்பு இருக்கட்டும்.

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் பூசும்போது நிறச் சேர்க்கையைக் கவனியுங்கள். எந்தக் கட்சிக் கொடியும் நினைவுக்கு வரக் கூடாது. கிளையன்ட் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். கிறிஸ்துமஸுக்குப் பனியும் கலைமானும் விட்டுவிட்டு, வாசலில் ஸ்டார் கட்டுவதையும் குடில் வைப்பதையும் பாருங்கள். ஏணியில் ஏறி ஸ்டாருக்குள் பல்பு மாட்டுகிறவருக்குக் கீழே நின்று ஏணியைப் பிடித்திருக்கும் பிள்ளை போதும். ரம்ஜான் வாழ்த்தில் கிழமையும் தேதியும் போடவே போடாதீர்கள். பிறை தெரிந்து தலைமை காஜி அறிவித்த பிறகுதான் பெருநாள்.

அடுத்தது எழுத்து. கொம்பு பிரிந்து ஓடுவதற்குக் காரணம் இரண்டு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளின் பழைய பதிப்புகளில், டைப் ப்ரிஃபரன்ஸ் பக்கத்தில் 'சவுத் ஏஷியன் அண்டு மிடில் ஈஸ்டர்ன்' என்ற டெக்ஸ்ட் எஞ்சின் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, பிராஜெக்டை மூடித் திறந்து பாருங்கள். இல்லையென்றால் எழுத்தே சரியாகச் சேராது. இரண்டாவது, எழுத்து எழுத்தாக அசைக்கும் அனிமேட்டர். யூனிகோடில் 'பொ' என்பது ப என்ற எழுத்தும் ஒகரக் குறியும் சேர்ந்தது. திரையில் அதே ஒகரக் குறி இடப்பக்கம் கொம்பாகவும் வலப்பக்கம் காலாகவும் பிரிந்து நிற்கிறது. மென்பொருள் இவற்றைத் தனித்தனித் துண்டுகளாக எண்ணினால் 'பொங்கல்' என்ற சொல்லே சிதறிவிடும். இதற்கு நம்பகமான வழி, எழுத்தை ஷேப்பாக மாற்றி, ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் ஒரே குரூப்பில் கட்டி, அந்தக் குரூப்பை அசைப்பது. நேரமில்லையென்றால் சொல் சொல்லாக அசையுங்கள். என்னைக் கேட்டால் வாழ்த்து வரி சுழலவோ துள்ளவோ வேண்டியதில்லை. செயல் முடிந்ததும் அமைதியாகத் தோன்றி, படிக்கும் அளவுக்கு நின்றால் போதும். பாட்டி கண்ணாடி போட்டுப் படித்து முடிக்கிற வரைக்கும் நிற்க வேண்டும்.

எழுத்துருவுக்கு பலூ தம்பி, முக்தா மலர், ஹிந்த் மதுரை, கவிவனர், மீரா இனிமை எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். ஆனால் கையெழுத்து அழகான ஒருவர் உங்கள் மூவரில் இருந்தால் அவரே எழுதட்டும். எழுத்துப் பிழையை முதல் நாளே ஒரு தமிழாசிரியரிடம் காட்டி, கிளையன்ட்டிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். 'வாழ்த்துகள்' என்று நீங்கள் எழுதியதற்கு ரெண்டர் முடிந்த இரவில் ஒரு 'க்' சேர்க்கச் சொல்லிப் போன் வரும்.

உங்கள் வீடியோவைப் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் பார்க்கப்போகிறார்கள். வாட்ஸ்அப் அதை அழுத்திச் சுருக்கும். எது சுருங்கும் என்று தெரிந்து டிசைன் செய்வதுதான் கெட்டிக்காரத்தனம். ஆயிரக்கணக்கில் பறக்கும் பொடிப் பொறி, மின்னும் தங்கத் தூள், படம் முழுக்கப் போட்ட கிரெயின் என்ற பொடிப்புள்ளி எல்லாம் சதுரம் சதுரமாக உடைந்துபோகும். பெரிய, தட்டையான நிறப்பரப்பும் தெளிவான விளிம்பும் தப்பிக்கும். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு மெல்ல மாறும் வானம் பட்டை பட்டையாகத் தெரியும். ஆகவே விடியல் வானத்தை நீங்களே நாலைந்து தட்டை நிறங்களாகப் பிரித்து, போஸ்டர் மாதிரி வரைந்துவிடுங்கள். ஸ்டேட்டஸில் வைக்கும் செங்குத்துப் படத்தில், 1080க்கு 1920 என்றால், மேலே சுமார் 250 பிக்ஸலும் கீழே சுமார் 340 பிக்ஸலும் எழுத்தோ லோகோவோ இல்லாமல் விடுங்கள். பெயரும் பதில் எழுதும் பெட்டியும் அங்கேதான் வந்து உட்காரும். குறைந்த விலை ஆண்ட்ராய்டு போன் ஒன்றை ஸ்டூடியோவில் எப்போதும் வைத்திருங்கள். வெயிலில் நின்று அதில் பார்த்துப் புரிந்தால்தான் வீடியோ முடிந்தது.

சவுண்டில் சினிமாப் பாட்டு வேண்டாம். உரிமை வாங்காமல் ஒரு நிறுவனத்தின் வாழ்த்தில் போட்டால் வீடியோ முடக்கப்படலாம், வழக்கும் வரலாம், அது உங்கள் தலையில்தான் விழும். ஒரு செயலுக்கு ஒரு சத்தம் போதும். வெந்நீர் சொம்பால் மோந்து ஊற்றும் சத்தத்தைத் தம்பி வீட்டுக் குளியலறையிலேயே பதிவு செய்துவிடலாம். நாதஸ்வரம் வேண்டுமென்றால் பக்கத்துக் கோயிலில் வாசிக்கும் கலைஞரை அழைத்து, ஒரு மணிநேரத்துக்கு முறையாகச் சம்பளம் கொடுத்து, ஒப்புதல் கடிதம் வாங்கிப் பதிவு செய்யுங்கள். சத்தமில்லாமல் பார்த்தாலும் வாழ்த்து புரிகிறதா என்றும் ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

ஏஐயில் நாங்களே செய்துகொள்வோம் என்று சொன்னவரிடம் வாதாட வேண்டாம். போன வருஷம் நீங்கள் கொடுத்ததை அவரே செய்துகொள்ள முடியும் என்பது நிஜம். ஆனால் ஏஐ செய்த படத்தில் நான் பார்த்தவரை கோலத்தின் கோடுகள் புள்ளியை மதிப்பதில்லை. எங்கோ தொடங்கி எங்கோ மறைந்துவிடும். சிங்காநல்லூரில் விழும் துண்டு ஏஐக்குத் தெரியாது. அந்த ஆலையின் ஆட்களோடு ஒரு டீ குடித்துவிட்டு வந்த உங்களுக்குத் தெரியும். ஸ்டோரிபோர்டை எடுத்துக்கொண்டு நேரில் போய்க் காட்டுங்கள்.

இனி காலமும் பணமும். தீபாவளி நகரும். 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. முந்தைய வருஷ காலண்டரை வைத்து 2025-க்குத் திட்டமிட்டவர்களுக்குப் பதினோரு நாள் காணாமல் போயிருக்கும். ஆயுத பூஜை தீபாவளிக்குச் சுமார் இருபது நாள் முன்னால் வரும். அதை உங்கள் எல்லைக் கல்லாக வையுங்கள். ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கும்போது அனிமேஷன் எல்லாம் முடிந்து, எழுத்தும் சவுண்டும் கரெக்‌ஷனும் மட்டும் மிச்சம் இருக்க வேண்டும். அப்படியென்றால் ஆவணியிலேயே கிளையன்ட்டிடம் ஸ்டோரிபோர்டு போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறவர்களைப் பொங்கலுக்கு எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டதால்தான் எல்லாம் ஒன்றாகிப்போயின. ஒருவருக்கு ஒரு செயல் என்று வைத்தால், எத்தனை செயல்களை உங்களால் மனசார வரைய முடியுமோ அத்தனை கிளையன்ட்தான்.

விலையை அடுத்த ஸ்டூடியோவைப் பார்த்துச் சொல்லாதீர்கள். உங்கள் மூவர் சம்பளம், வாடகை, கரண்டு, மென்பொருள் எல்லாம் சேர்த்து மாதம் 1,50,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 வேலை நாள், மூன்று பேர்: 75 ஆள்-நாள். ஒரு ஆள்-நாளின் அடக்கம் 2,000 ரூபாய். ஒரு வாழ்த்துக்கு 9 ஆள்-நாள் பிடித்தால் 18,000 ரூபாய் அடக்கத்துக்கே போய்விடுகிறது. லாபம் அதற்கு மேல்தான். இதற்குக் கீழே கேட்பவரிடம் அசையாத வாழ்த்து அட்டை ஒன்றை வரைந்து தருவதாகச் சொல்லுங்கள். அதுவும் நல்ல வேலைதான். பாதித் தொகை அட்வான்ஸ், இரண்டு முறை கரெக்‌ஷன், மீதித் தொகை வந்த பிறகே வாட்டர்மார்க் இல்லாத ஃபைல். இதை முதல் மெயிலிலேயே எழுதிவிடுங்கள்.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். இதுவரை செய்யவில்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள். 2006-ஆம் வருடச் சிறு குறு தொழில் சட்டப்படி, உங்களைப் போன்ற நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. இதற்கென்று அரசு வைத்திருக்கும் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. இன்வாய்ஸில் உத்யம் எண்ணும் இந்தச் சட்டத்தைச் சொல்லும் ஒரு வரியும் இருந்தால் அக்கவுண்ட்ஸ் பிரிவு கவனிக்கும்.

இன்னொன்றை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். ஆகவே ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுங்கள்: முடிந்த வீடியோவைப் பயன்படுத்தும் உரிமை கிளையன்ட்டுக்கு, பாத்திர வடிவம், அதை அசைக்கும் ரிக், ஓவியங்கள், சோர்ஸ் ஃபைல் எல்லாம் ஸ்டூடியோவுக்கு. அந்தத் தாத்தாவையும் நர்ஸையும் அடுத்த வருஷம் நீங்கள் மறுபடி சந்திக்க வேண்டுமே.

கடைசியாக உங்கள் சொந்த வாழ்த்து. அதைத் தீபாவளிக்கு வைக்காதீர்கள், அது கிளையன்ட்களின் காலம். பொங்கலுக்கு அனுப்புங்கள். சிவகாசியில் அச்சான பொங்கல் வாழ்த்து அட்டைகளைக் கடை வாசலில் நின்று தேர்ந்தெடுத்து, யார் யாருக்கு எது என்று பெயர் எழுதித் தபாலில் போட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் காலண்டருக்கு வரைந்த பசுவையும் தாமரையையும் பார்த்து வளர்ந்த கண்கள் அவை. வீட்டில் பழைய அட்டைகள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நிறம் எவ்வளவு தைரியமாக இருக்கிறது என்று தெரியும். அதை அப்படியே நகல் எடுக்காமல், அந்தத் தைரியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மூவரும் ஆளுக்கு ஒரு செயல் வரையுங்கள், ஆளுக்கு இரண்டு வினாடி. கிளையன்ட் வேலையில் முயலத் துணியாத ஒன்றை இதில் முயலுங்கள்: கோலமாவையே கேமராவுக்குக் கீழே ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்க்கலாம், பிளெண்டர் மென்பொருளில் உள்ள க்ரீஸ் பென்சில் என்ற வரைகருவியில் வரைந்து பார்க்கலாம். அதிலிருந்தே அசையும் வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஒன்றும் செய்துவிடுங்கள். 512க்கு 512 பிக்ஸல், 500 கேபிக்குள் இருக்க வேண்டும். வீடியோவை ஒரு முறைதான் பார்ப்பார்கள், ஸ்டிக்கரை அத்தை மாமா எல்லோரும் நாலு நாளும் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். முடிவில் லோகோவோடு உங்கள் மூவர் பெயரையும் எழுதுங்கள். பொங்கலன்று எல்லோர் போனிலும் வாழ்த்து குவிந்துவிடும் என்பதால், போகியன்று காலையிலேயே அனுப்பிவிடுங்கள். பாக்கி வைத்திருக்கும் கிளையன்ட்டுக்கும் சேர்த்துத்தான்.